அயல் நன்னீர் மீனின் ஊடுருவல் இடரை மதிப்பிடுவது எப்படி: புதியவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

ஓர் ஆற்றிலோ ஏரியிலோ இதற்குமுன் வாழ்ந்திராத ஒரு மீனை வளர்ப்புக்கோ, அலங்காரத்துக்கோ, கொசு ஒழிப்புக்கோ கொண்டுவரலாமா என்ற கேள்வி எழும்போது, அதற்கான மதிப்பீட்டை எழுதும் வேலை பல நேரங்களில் துறைக்குப் புதிதாக வந்த ஒரு மாணவரிடமோ இளநிலை அலுவலரிடமோ போய்ச் சேர்கிறது. அவருக்கு ஒரு கேள்விப் பட்டியல் தரப்படும். கேள்விகளுக்கு விடையளித்து முடித்தால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். அதைப் பார்த்து மேலிடம் முடிவெடுக்கும். இந்த நடைமுறையில் புதியவரின் கவனம் முழுவதும் மதிப்பெண்ணின்மேல் குவிந்துவிடுவது இயல்பு. ஆனால் அந்த எண்ணைத் தாங்கி நிற்பவை, ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எழுதப்படும் சான்றும், அந்தச் சான்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற குறிப்பும்தான். இவை வலுவாக இருந்தால் மதிப்பெண்ணில் சிறு பிழை இருந்தாலும் பின்னால் வருபவர் திருத்திக்கொள்ளலாம்; இவை இல்லையென்றால் சரியான மதிப்பெண்ணைக்கூட யாரும் நம்ப முடியாது.

இந்த அளவு கவனம் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. பெரிய ஆற்றில் நிலைபெற்றுவிட்ட மீனை முற்றிலும் அகற்றுவது இன்றைய முறைகளால் அநேகமாக இயலாத காரியம். எனவே மீன் வருவதற்கு முன்பு எழுதப்படும் மதிப்பீடுதான் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு.

படி 1: எந்த மீன், எந்த நீர்நிலை, எதற்காக என்று எழுதி வையுங்கள்

ஊடுருவல் என்பது நான்கு கட்டங்களாக நிகழ்கிறது. மீன் புதிய இடத்துக்கு வந்து சேர்கிறது. தப்பியோ விடப்பட்டோ இயற்கை நீர்நிலையை அடைந்து, அங்கே இனப்பெருக்கம் செய்து நிலைபெறுகிறது. பின்னர் பிற நீர்நிலைகளுக்குப் பரவுகிறது. இறுதியாக அங்குள்ள உயிர்களுக்கோ மனிதர்களுக்கோ பாதிப்பை ஏற்படுத்துகிறது. அயல் இனங்கள் எல்லாமே இந்த நான்கு கட்டங்களையும் கடந்துவிடுவதில்லை. பிரிட்டனில் வானவில் டிரவுட் நெடுங்காலமாகப் பெருமளவில் விடப்பட்டு வந்தாலும், தானாகவே பெருகி நிலைத்த கூட்டங்கள் அங்கே மிகச் சில. உங்கள் மதிப்பீடு இந்த நான்கு கட்டங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு கட்டத்துக்கான சான்றை மற்றொன்றுக்கான சான்றாகக் கொள்ளக் கூடாது.

அடுத்து, மதிப்பீட்டுப் பரப்பை வரையறுங்கள். நாட்டின் எல்லையையோ மாநிலத்தின் எல்லையையோ அப்படியே எடுத்துக்கொள்வது நிர்வாகத்துக்கு வசதியானது. மீனுக்கு அந்த எல்லைகள் பொருட்டல்ல. நன்னீர் மீன்களின் பரவலைத் தீர்மானிப்பவை வடிநிலங்கள், அதாவது ஓர் ஆற்றுக்கு நீர் வந்து சேரும் முழு நிலப்பரப்புகள். ஒரே நாட்டுக்குள் ஒரு வடிநிலத்திலிருந்து இன்னொரு வடிநிலத்துக்கு மாற்றப்படும் மீனும் அங்கே அயல் இனமே. அது கலப்பினத்தையும் நோயையும் கொண்டுவரும் வாய்ப்பு கடல்கடந்து வரும் மீனுக்குச் சற்றும் குறைந்ததல்ல. வடிநிலங்களை இணைக்கும் கால்வாய்களையும் நீர்ப்பாசன வாய்க்கால்களையும் வரைபடத்தில் இப்போதே குறித்துவிடுங்கள். நயாகரா நீர்வீழ்ச்சி தடுத்து வைத்திருந்த கடல் லாம்ப்ரே (பிற மீன்களின் குருதியை உறிஞ்சும், விலாங்கு போன்ற உயிர்), வெல்லண்ட் கால்வாய் வழியாக அதைச் சுற்றிக்கொண்டு வட அமெரிக்கப் பேரேரிகளின் மேற்பகுதிக்குள் நுழைந்து, அங்கிருந்த ஏரி டிரவுட் மீன்வளத்தைச் சிதைத்தது. அந்த ஏரிகளின் இயற்கை எல்லையை மட்டும் பார்த்து மதிப்பிட்டிருந்தால் இந்த இடர் கண்ணில் பட்டிருக்காது.

கடைசியாக, எதற்காக இந்த மதிப்பீடு என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இறக்குமதிக்கு அனுமதி கேட்கப்படுகிறதா, ஏற்கெனவே சந்தையில் உள்ள மீனைத் தடைசெய்வதா, ஏற்கெனவே ஆற்றில் காணப்பட்ட மீனுக்கு நடவடிக்கை எடுப்பதா என்பதைப் பொறுத்து, நீங்கள் ஆழ்ந்து பார்க்க வேண்டிய கட்டம் மாறும்.

படி 2: மீனின் அடையாளத்தை உறுதிசெய்யுங்கள்

வணிகப் பெயரை வைத்து மதிப்பீட்டைத் தொடங்காதீர்கள். மீன்தொட்டிக் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்றும் 'சக்கர் மீன்' என்றும் விற்கப்படுபவை ஒரே இனம் அல்ல. பிடெரிகோப்லிக்திஸ் பேரினத்தின் பல இனங்களும் அவற்றின் இடைப்பட்ட வடிவங்களும் அந்தப் பெயரில் வருகின்றன. அறிவியல் பெயரை மீன்களின் உலகப் பட்டியல்களில் சரிபார்த்து, இன்று ஏற்கப்பட்ட பெயரையும் பழைய பெயர்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரியோகுரோமிஸ் என்று இன்று அழைக்கப்படும் திலாப்பியாக்கள் பற்றிய பழைய ஆய்வுகள் 'திலாப்பியா' என்ற பேரினப் பெயரில்தான் கிடைக்கும். புதிய பெயரை மட்டும் தேடினால் பல ஆண்டுக்காலத் தகவல்கள் கைக்கு வராமலே போகும்.

இனத்துக்கு உள்ளே இருக்கும் வகைகளும் முக்கியம். ஆஸ்திரேலியாவுக்குச் சாதாக் கெண்டை 19-ஆம் நூற்றாண்டிலேயே கொண்டுவரப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக அது பெரிதாகப் பரவவில்லை. 1960-களில் 'பூலாரா' என்ற வளர்ப்பு வகை வந்து, 1970-களின் வெள்ளங்கள் துணைபுரிந்த பிறகுதான் மரே-டார்லிங் வடிநிலம் முழுவதையும் கெண்டை ஆக்கிரமித்தது. 'இந்த இனம் ஏற்கெனவே இங்கே இருக்கிறது, எந்தத் தொல்லையும் செய்யவில்லை' என்ற வாதம் உங்கள் முன் வைக்கப்படும்போது இந்த எடுத்துக்காட்டை நினைவில் கொள்ளுங்கள். வளர்ப்பு வகை, கலப்பினம், மும்மடிய (மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட) மலட்டு மீன் ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பீடு தேவை.

படி 3: பிற இடங்களில் அந்த மீன் என்ன செய்தது என்று தேடுங்கள்

ஊடுருவலை முன்கூட்டியே கணிக்க உதவும் தடயங்களில் மிக வலுவானது, அந்த இனம் வேறெங்காவது ஊடுருவியிருக்கிறது என்பதே. ஆகவே இந்தப் படிக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். ஃபிஷ்பேஸ் தரவுத்தளத்தில் தொடங்கி, கேபி நிறுவனத்தின் ஊடுருவும் இனத் தொகுப்பு, ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சார்ந்த உலக ஊடுருவும் இனத் தரவுத்தளம், ஐக்கிய நாடுகள் உணவு மற்றும் வேளாண் அமைப்பின் அயல் நீர்வாழ் இனப் பதிவுகள், காணப்பட்ட இடங்களைத் தொகுக்கும் ஜிபிஐஎஃப் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தரவுத்தளம் சொல்வதோடு நின்றுவிடாமல், அது மேற்கோள் காட்டும் மூல ஆய்வைத் திறந்து படியுங்கள். ஒரே பழைய கட்டுரையை நான்கு தரவுத்தளங்களும் எடுத்தாண்டிருந்தால், உங்களிடம் இருப்பது ஒரு சான்றுதான்.

கண்டறிந்ததை ஓர் அட்டவணையாக எழுதுங்கள்: எந்த நாட்டின் எந்த வடிநிலத்தில், எந்த ஆண்டில், எந்த நோக்கத்துக்காக, எத்தனை முறை விடப்பட்டது, நிலைபெற்றதா, பரவியதா, பாதிப்பு பதிவாகியதா. இவற்றில் 'நிலைபெறவில்லை' என்ற பத்தியை நிரப்புவது மிகக் கடினம். தோல்வியுற்ற அறிமுகங்களை யாரும் அதிகம் எழுதிவைப்பதில்லை. ஆனாலும் தேட வேண்டும், ஏனெனில் வெற்றிகள் மட்டும் நிறைந்த அட்டவணை எந்த மீனையும் ஆபத்தானதாகக் காட்டும்.

வந்து சேரும் இனங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் அடுத்த கட்டத்துக்குப் போகும் என்ற 'பத்தின் விதி' பல பாடநூல்களில் இருக்கிறது. அதை மீன்களுக்கு அப்படியே பொருத்த வேண்டாம் என்றே சொல்வேன். ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே கொண்டுசெல்லப்பட்ட முதுகெலும்புள்ள உயிர்களைப் பற்றி 2005-இல் வெளிவந்த ஆய்வு, மீன்கள் உட்பட அவற்றின் வெற்றி விகிதம் அந்த விதி சொல்வதைவிடப் பல மடங்கு அதிகம் என்று காட்டியது.

இன்னொரு பொறி கால இடைவெளி. விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் 1950-களில் விடப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதன் எண்ணிக்கை குறைவாகவே இருந்து, 1980 வாக்கில் திடீரெனப் பெருகியது. அந்த ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிறு சிக்லிட் இனங்களில் பல அருகியும் மறைந்தும் போயின. 1970-இல் யாராவது மதிப்பிட்டிருந்தால் 'பாதிப்பு இல்லை' என்றே எழுதியிருப்பார். அன்றைய தரவுகளின்படி அது சரியாகவும் இருந்திருக்கும். எனவே ஓர் அறிமுகம் பாதிப்பின்றி இருப்பதாக எழுதும்போது, அது எத்தனை ஆண்டுகள் பழையது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

படி 4: தட்பவெப்பம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்

மீனின் தாயகத்தையும், அது ஏற்கெனவே நிலைபெற்ற பிற இடங்களையும் சேர்த்து, அவற்றின் தட்பவெப்பத்தை உங்கள் மதிப்பீட்டுப் பரப்போடு ஒப்பிடுங்கள். தாயகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மீனின் தாங்குதிறனைக் குறைத்து மதிப்பிட நேரும். தாயகத்தில் அதன் பரவலை நிறுத்தியது வெப்பநிலையாக இல்லாமல் ஒரு மலைத்தொடராகவோ போட்டி இனமாகவோ இருந்திருக்கலாம். எளிய முறையில் செய்ய வேண்டுமானால் கோப்பன்-கைகர் தட்பவெப்ப மண்டல வரைபடம் போதும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க, ஆஸ்திரேலியாவில் உருவான கிளைமேட்ச் போன்ற நிரல்கள் இரு பரப்புகளின் வெப்பநிலை, மழையளவுத் தரவுகளை ஒப்பிட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் தருகின்றன.

இந்த நிரல்கள் ஒப்பிடுவது காற்றின் வெப்பநிலையை. மீன் வாழ்வதோ நீரில். ஆழமான ஏரியும், ஊற்று நீர் பாயும் ஓடையும், அனல்மின் நிலையத்தின் சூடான கழிவுநீர் கலக்கும் ஆற்றுப் பகுதியும் சுற்றியுள்ள காற்றைவிட மிகவும் வேறுபட்டிருக்கும். மொசாம்பிக் திலாப்பியா சுமார் 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த நீரில் நீண்ட காலம் பிழைப்பதில்லை. ஆயினும் குளிர் நிலத்தில் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தால் அதில் அது ஆண்டு முழுவதும் வாழ முடியும். ஆகவே தட்பவெப்ப நிரலின் முடிவோடு, மீனின் உயிர்வாழும் குறைந்தபட்ச, அதிகபட்ச நீர் வெப்பநிலைகளையும், இனப்பெருக்கத்துக்குத் தேவையான வெப்பநிலையையும், உங்கள் பரப்பின் மிகக் குளிர்ந்த மாதத்தின் நீர் வெப்பநிலை அளவீடுகளையும் பக்கம்பக்கமாக வையுங்கள். உயிர் பிழைப்பதற்கும் முட்டையிடுவதற்கும் வேண்டிய வெப்பநிலைகள் வேறு வேறு; புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுவதை அடிக்கடி காண முடிகிறது.

படி 5: வரும் வழிகளையும் வரும் அளவையும் கணக்கிடுங்கள்

எத்தனை மீன்கள், எத்தனை முறை, எத்தனை இடங்களில் நீருக்குள் போகின்றன என்பதை வருகை அழுத்தம் என்று கொள்ளலாம். நிலைபெறும் வாய்ப்பை நிர்ணயிப்பதில் இதற்கு இருக்கும் பங்கு மீனின் எந்த உடற்பண்புக்கும் குறைந்ததல்ல. வளர்ப்புக் குளங்கள் வெள்ளத்தில் உடைவது, அலங்கார மீன் பெரிதாக வளர்ந்ததும் ஏரியில் விடப்படுவது, தூண்டில் பொழுதுபோக்குக்காக விடப்படுவது, உயிர்த்தூண்டில் மீன் மிச்சம் கொட்டப்படுவது, சமயச் சடங்குக்காக உயிருடன் விடுவிக்கப்படுவது, கப்பலின் சமநிலை நீரில் கடந்து வருவது என்று வழிகளைத் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நிகழக்கூடும் என்று குறியுங்கள். பனாமாவின் கட்டூன் ஏரிக்குள் மயில் பாஸ் மீன் நுழைந்தது 1960-களின் இறுதியில், ஒரு குளத்திலிருந்து தப்பியதால்தான். சில ஆண்டுகளுக்குள் ஏரியின் உள்ளூர் மீன்கள் பல காணாமற்போயின.

யாரும் கொண்டுவர எண்ணாத மீனையும் மறக்காதீர்கள். பத்து சென்டிமீட்டர் அளவுகூடப் பெரும்பாலும் எட்டாத சூடோராஸ்போரா பார்வா என்ற சிறு மீன், கெண்டைக் குஞ்சுகளின் சரக்கில் கலந்து 1960-களில் ஐரோப்பாவை அடைந்து, கண்டம் முழுவதும் பரவிவிட்டது. எனவே ஓர் இனத்தின் இறக்குமதியை மதிப்பிடும்போது, அந்தச் சரக்கு புறப்படும் பண்ணையில் வேறு எந்த மீன்கள் வளர்க்கப்படுகின்றன என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

படி 6: உயிரியலைக் கேள்வி கேட்டுப் படியுங்கள்

மீனின் உயிரியல் பற்றிக் கிடைக்கும் எல்லாவற்றையும் தொகுப்பது வீண் உழைப்பு. நிலைபெறவும் பரவவும் உதவும் பண்புகளை மட்டும் குறிவைத்துப் படியுங்கள்.

இனப்பெருக்கத்தில், எத்தனை முட்டை என்ற கேள்வி ஒரு பகுதிதான். பெரிய பெண் கெண்டை பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடக்கூடியது. மொசாம்பிக் திலாப்பியா இடுவது சில நூறு அல்லது சில ஆயிரம் மட்டுமே, ஆனால் அது முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கிறது, நெருக்கடியான குளத்தில் மிகச் சிறிய உடலளவிலேயே பருவமடைகிறது, ஆண்டில் பல முறை முட்டையிடுகிறது. இருவழிகளும் ஊடுருவலில் வெற்றி பெற்றவையே. கொசு ஒழிப்புக்கு விடப்படும் கம்பூசியாவின் பெண் மீன் உயிருள்ள குஞ்சுகளை ஈனுகிறது, ஆணின் விந்தணுக்களை உடலில் சேமித்தும் வைக்கிறது. ஆகையால் கருவுற்ற ஒற்றைப் பெண் மீனே புதிய கூட்டத்தைத் தொடங்கிவிட முடியும். பிரஷ்யக் கெண்டையின் பெண் மீன்கள் வேறு இன ஆணின் விந்தணுவைத் தூண்டுதலாக மட்டும் பயன்படுத்தித் தம்மையே நகலெடுத்தாற்போன்ற பெண் குஞ்சுகளைப் பெறுகின்றன. இதற்கு மாறாக, வெள்ளிக் கெண்டைக்கும் புல் கெண்டைக்கும் முட்டைகள் பொரியும்வரை மிதந்து செல்ல நீண்ட, ஓடும் ஆறு தேவை. இந்தத் தேவையை வைத்து 'நம் பரப்பில் அப்படிப்பட்ட ஆறு இல்லை, ஆகவே ஆபத்தில்லை' என்று எழுத விரும்பினால், மழைக்காலத்தில் இணைந்துவிடும் வாய்க்கால்களையும் சேர்த்து ஆற்றின் நீளத்தை முதலில் அளந்து பாருங்கள்.

தாங்குதிறனில் உவர்ப்பு, குறைந்த உயிர்வளி, மாசு, வறட்சி ஆகியவற்றைப் பாருங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றைச் சுவாசிக்கக்கூடியது, ஈர நிலத்தில் சிறிது தூரம் ஊர்ந்து அடுத்த நீர்நிலையை அடையவும் வல்லது. பிடெரிகோப்லிக்திஸ் மீன்கள் இரைப்பையின் வழியாகக் காற்றைச் சுவாசித்து, உயிர்வளி மிகக் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கின்றன. மொசாம்பிக் திலாப்பியா கடல்நீரின் உவர்ப்பையும் தாங்குவதால், ஓர் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து அடுத்த ஆற்றின் முகத்துவாரத்துக்குச் செல்வது அதற்கு இயலும். நன்னீர் மீன் என்பதாலேயே கடலை ஒரு தடையாகக் கொள்ளாதீர்கள்.

உணவில், பல வகை இரைகளைத் தின்னும் மீனும், அந்த நீர்நிலையில் இதுவரை இல்லாத வகையில் இரை தேடும் மீனும் கூடுதல் கவனத்துக்கு உரியவை. பெரிய வேட்டை மீன்கள் பழகியிராத ஏரியில் வேட்டை மீன் ஒன்று நுழைந்தால், அங்குள்ள சிறு மீன்களிடம் அதிலிருந்து தப்பும் நடத்தையே இருப்பதில்லை.

படி 7: பாதிப்பை வகைபிரித்து எழுதுங்கள்

'உள்ளூர் மீன்களைப் பாதிக்கும்' என்ற ஒற்றை வாக்கியம் எதற்கும் பயன்படாது. எந்த வழியில், எந்த இனத்தை, எவ்வளவு கடுமையாக என்று எழுத வேண்டும். வேட்டை, உணவுக்கும் முட்டையிடும் இடத்துக்குமான போட்டி, கலப்பினம், நோயும் ஒட்டுண்ணியும், வாழிடச் சிதைவு, மீன்பிடித் தொழிலுக்கும் கரைகளுக்கும் ஏற்படும் சேதம் என்று தனித்தனியே பிரித்துப் பாருங்கள்.

வேட்டையும் போட்டியும் எளிதில் கவனத்துக்கு வருகின்றன. கலப்பினமும் நோயும் வருவதில்லை. மொசாம்பிக் திலாப்பியா உலகின் மிகத் தீவிரமான நூறு ஊடுருவும் இனங்களின் பட்டியலில் இடம்பெற்ற மீன். அதே மீன் தென்னாப்பிரிக்காவில் தன் சொந்த ஆறுகளில், அயலாக வந்த நைல் திலாப்பியாவோடு கலந்து தூய வடிவத்தை இழந்துவருகிறது. உங்கள் பரப்பில் வரவிருக்கும் மீனின் நெருங்கிய உறவினம் வாழ்கிறதென்றால், கலப்பினக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நோயைப் பொறுத்தவரை, அயல் மீனுக்குத் தீங்கு செய்யாத ஒட்டுண்ணி உள்ளூர் மீனுக்குக் கொடிதாக அமையலாம். ஆசிய விலாங்கோடு 1980-களில் ஐரோப்பாவுக்கு வந்த நூற்புழு ஒன்று ஐரோப்பிய விலாங்கின் காற்றுப்பையைச் சிதைக்கிறது. புல் கெண்டையோடு சேர்ந்து ஆசிய நாடாப்புழு உலகின் பல பகுதிகளுக்குச் சென்றது. முன்னே சொன்ன சூடோராஸ்போரா, பிற மீன்களைக் கொல்லக்கூடிய ஸ்ஃபெரோதீக்கம் என்ற நோயுயிரியைச் சுமந்து திரிகிறது. மீன் நிலைபெறாமல் இறந்துபோனாலும் அதனோடு வந்த ஒட்டுண்ணி தங்கிவிடலாம் என்பதால், 'நிலைபெறாது' என்ற முடிவு நோய் பற்றிய பகுதியை எழுதாமல் விடுவதற்குக் காரணமாகாது.

வாழிடச் சிதைவுக்குக் கெண்டையும் பிடெரிகோப்லிக்திஸும் நல்ல எடுத்துக்காட்டுகள். கெண்டை அடிச்சேற்றைக் கிளறி இரை தேடுவதால் நீர் கலங்குகிறது, நீர்த்தாவரங்கள் வேரோடு பிடுங்கப்படுகின்றன. பிடெரிகோப்லிக்திஸ் ஆண் மீன்கள் முட்டையிடுவதற்காகக் கரையில் வளை தோண்டுவதால் கரை அரிக்கப்படுகிறது. அவற்றின் எலும்புத் தகடுகள் மீனவர்களின் வலைகளைக் கிழிக்கின்றன.

பாதிப்பின் கடுமையை ஒப்பிடுவதற்கு ஐயூசிஎன் 2020-இல் ஏற்றுக்கொண்ட ஈகேட் என்ற பாதிப்பு வகைப்பாடு உதவும். பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு பாதிப்பிலிருந்து, உள்ளூர் இனம் ஓரிடத்திலிருந்து மீள முடியாதபடி மறைந்துபோவதுவரை ஐந்து நிலைகளை அது வகுத்திருக்கிறது. தரவு போதாமைக்குத் தனி வகையும் அதில் உண்டு.

படி 8: கேள்விப் பட்டியலை நிரப்புங்கள்

இதுவரை தொகுத்தவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் மதிப்பெண் கருவியைத் திறக்க வேண்டும். நன்னீர் மீன்களுக்கென முதலில் உருவான ஃபிஸ்க் என்ற கருவி, ஆஸ்திரேலியாவின் களைச்செடி இடர் மதிப்பீட்டு முறையை மீன்களுக்குத் தழுவி அமைக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலான ஏஎஸ்-ஐஎஸ்கே இன்று எல்லா நீர்வாழ் இனங்களுக்கும் பயன்படுகிறது. அதில் 55 கேள்விகள் உள்ளன. முதல் 49 கேள்விகள் அடிப்படை மதிப்பீடு: அவற்றில் 13 கேள்விகள் பரவல் வரலாறு பற்றியவை, 36 கேள்விகள் உயிரியல் பற்றியவை. கடைசி ஆறு கேள்விகள், வருங்காலத் தட்பவெப்ப மாற்றத்தால் வருகை, நிலைபெறல், பரவல், பாதிப்பு ஆகியவை கூடுமா குறையுமா என்று கேட்கின்றன. அடிப்படை மதிப்பெண் -20 முதல் 68 வரையும், தட்பவெப்ப மாற்றத்தையும் சேர்த்த மதிப்பெண் -32 முதல் 80 வரையும் அமையலாம்.

ஒவ்வொரு கேள்விக்கும் விடை, நம்பக அளவு, விளக்கம் ஆகிய மூன்றையும் தர வேண்டும். நம்பக அளவு குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று நான்கு நிலைகள் கொண்டது. விளக்கத்தை எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். பிடெரிகோப்லிக்திஸ் நீருக்கு வெளியே நெடுநேரம் உயிர்வாழுமா என்ற கேள்விக்கு, 'ஆம். இது மிகவும் வலிமையான மீன்' என்று எழுதுவது விளக்கமாகாது. 'ஆம், இரைப்பை வழியாகக் காற்றைச் சுவாசிக்கிறது, ஈரமான சூழலில் நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடிருந்ததாக இந்த இனத்தைப் பற்றிய இன்ன ஆய்வு கூறுகிறது, நம்பக அளவு மிக அதிகம்' என்று எழுதினால், படிப்பவர் அந்த ஆய்வைத் தேடிச் சரிபார்க்க முடியும். சான்று அதே பேரினத்தின் வேறோர் இனத்திலிருந்து வந்தால் அதையும் சொல்லி, நம்பக அளவை ஒரு நிலை குறையுங்கள். அனுபவமுள்ள மீனவரின் வாய்மொழித் தகவலும் சான்றுதான். அதை வாய்மொழி என்று குறித்து எழுதுங்கள்.

சான்று கிடைக்காத கேள்விக்கு 'இல்லை' என்று விடையளிப்பதுதான் இந்த வேலையில் நேரும் மிகப் பெரிய கேடு. ஒட்டுண்ணிகள் பற்றி ஆய்வே நடக்காத மீனுக்கு 'நோய் பரப்பாது' என்று எழுதினால், ஆராயப்படாத மீன்களெல்லாம் பாதுகாப்பானவையாகவும் நன்கு ஆராயப்பட்ட மீன்கள் மட்டும் ஆபத்தானவையாகவும் தோன்றும். 'தெரியவில்லை' என்ற விடைக்குத் தயங்க வேண்டாம். எந்தத் தரவுத்தளங்களில், எந்தச் சொற்களைக் கொண்டு, எந்தத் தேதியில் தேடினீர்கள் என்று எழுதி, அதன் கீழே 'தகவல் கிடைக்கவில்லை' என்று பதிவுசெய்யுங்கள். அறிக்கையின் முடிவில் இப்படிப்பட்ட விடைகளைத் தனியே தொகுத்துக் காட்டினால், அடுத்து என்ன ஆய்வு தேவை என்பது முடிவெடுப்பவருக்கே விளங்கும்.

இயன்றால் குறைந்தது இரண்டு பேர், ஒருவர் விடையை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே பட்டியலை நிரப்புங்கள். பின்னர் ஒன்றாக அமர்ந்து வேறுபட்ட கேள்விகளை மட்டும் விவாதியுங்கள். பெரும்பாலான வேறுபாடுகள் மீனைப் பற்றியவையாக இருப்பதில்லை. கேள்வியை இருவரும் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொண்டதால் வருபவை.

படி 9: வரம்பு மதிப்பெண்ணை இரவல் வாங்காதீர்கள்

எந்த மதிப்பெண்ணுக்கு மேல் 'அதிக இடர்' என்று கொள்வது? இந்த வரம்பு உலகம் முழுவதற்கும் ஒன்றல்ல. பிரிட்டனில் ஃபிஸ்க் கருவிக்கு 2009-இல் கணிக்கப்பட்ட வரம்பு 19. பிற பரப்புகளுக்கு வேறு எண்கள் கிடைத்துள்ளன. ஊடுருவியவை என்றும் ஊடுருவாதவை என்றும் ஏற்கெனவே அறியப்பட்ட பல இனங்களை உங்கள் பரப்புக்காக மதிப்பிட்டு, இரு குழுக்களையும் மிகச் சரியாகப் பிரிக்கும் எண்ணை ஆர்ஓசி வளைவு என்ற புள்ளியியல் முறையால் கண்டறிவதே சரியான வழி. அந்த வளைவின் கீழ்ப் பரப்பு 1-ஐ நெருங்கினால் கருவி உங்கள் பரப்பில் நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது, 0.5-ஐ ஒட்டி இருந்தால் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. இதற்கு ஒன்றிரண்டு மீன்கள் போதா; பல பத்து இனங்கள் தேவை. அவ்வளவு செய்ய முடியாத நிலையில், தட்பவெப்பத்திலும் மீன் வளத்திலும் ஒத்த பரப்பின் வரம்பைத் தற்காலிகமாகப் பயன்படுத்தி, அது தற்காலிகமானது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வரம்புக்கு ஓரிரு புள்ளிகள் கீழே நிற்கும் மீனை 'நடுத்தர இடர்' என்று சொல்லிக் கடந்து போகாதீர்கள். நம்பக அளவு குறைந்த விடைகளை மட்டும் எடுத்து, அவை மாறினால் மதிப்பெண் வரம்பைத் தாண்டுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள். தாண்டும் என்றால் அந்த மீன் முழு மதிப்பீட்டுக்கு உரியது. இந்தக் கருவிகள் எல்லாம் முதற்கட்டச் சல்லடைகள். அவற்றில் தங்கும் இனங்களை வல்லுநர் குழு ஆழ்ந்து ஆராய்வதுதான் அடுத்த கட்டம்.

படி 10: அறிக்கையை எழுதுங்கள்

மீனால் கிடைக்கும் வருமானத்தையும் உணவையும் இடர் மதிப்பீட்டுக்குள் கலக்காதீர்கள். அவை முக்கியமான காரணிகளே; நைல் பெர்ச் ஏற்றுமதியால் விக்டோரியா ஏரிக்கரையில் பெரும் வணிகம் உருவானதும் உண்மை. ஆனால் நன்மையை எடைபோடுவது முடிவெடுப்பவரின் வேலை. இடர் எவ்வளவு என்று நேர்மையாகச் சொல்வது உங்கள் வேலை. இரண்டும் ஒரே மதிப்பெண்ணுக்குள் கலந்துவிட்டால், எதை விட்டு எதைப் பெற்றோம் என்பதை யாராலும் திரும்பிப் பார்க்க முடியாது.

கட்டுப்படுத்தும் வாய்ப்பைத் தனிப் பகுதியாக எழுதுங்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் 2002-இல் ஒரு சிறு குளத்தில் கண்டறியப்பட்ட வடக்குப் பாம்புத்தலை விரால், ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்திட்டு முற்றிலும் அழிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், வேறு வழியாக அதே இனம் பொடோமாக் ஆற்றில் காணப்பட்டபோது அந்த முறை பயன்படவில்லை. அந்த மீன் அங்கே நிலைத்துவிட்டது. ஆகவே மீன் முதலில் தோன்றக்கூடிய இடங்கள் மூடிய குளங்களா, ஓடும் ஆறுகளா என்பதைப் பெயர் குறித்து எழுதுங்கள். நீரில் கலந்திருக்கும் மரபணுத் தடயங்களைக் கொண்டு மீனைத் தொடக்கத்திலேயே கண்டறியும் முறை அந்தப் பகுதியில் கிடைக்குமா என்பதையும் சேருங்கள். மலட்டு மீன்களை மட்டும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைப்பதானால், அவற்றின் மலட்டுத்தன்மையை யார், எப்படிச் சோதிப்பார் என்று சொல்லாமல் விடாதீர்கள். மும்மடியப் புல் கெண்டை தயாரிப்பில் எல்லாக் குஞ்சுகளும் மும்மடியமாக அமைவதில்லை. அதனால்தான் மீன் ஒவ்வொன்றின் குருதி அணுக்களையும் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

அறிக்கையின் முகப்பில் மதிப்பெண்ணோடு சராசரி நம்பக அளவையும், 'தெரியவில்லை' என்ற விடைகளின் எண்ணிக்கையையும், பயன்படுத்திய வரம்பையும், மறுமதிப்பீட்டுத் தேதியையும் குறிப்பிடுங்கள். ஐந்து ஆண்டு இடைவெளி பெரும்பாலான இனங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. விரைவாகப் பருவமடைந்து ஆண்டுக்குப் பல முறை முட்டையிடும் இனங்களுக்கு அதைவிடக் குறைவாக வையுங்கள். புதிய வணிக வழி ஒன்று திறந்தாலோ, வடிநிலங்களை இணைக்கும் கால்வாய் ஒன்று வெட்டப்பட்டாலோ, அண்டை வடிநிலத்தில் அந்த மீன் குஞ்சுகளோடு பிடிபட்டாலோ, அந்தத் தேதிக்குக் காத்திராமல் கோப்பை எடுத்து மூன்றாம் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்ற குறிப்பையும் அதன் கீழே எழுதிவிடுங்கள்.